ஐந்து நிமிட வேலைக்கு ஒரு புது ஸ்பிண்டில்

விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டிகள் வந்தன, கார் ஓட்டுநர் திருச்சி விமான நிலைய வாசலிலேயே காத்திருந்தார். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்தப் பயணத்தில் என் மனத்தில் தங்கிவிட்டது மாமாவின் மரம் செதுக்கும் இயந்திரமும் அதன் முனையில் ஆடிக்கொண்டிருந்த, வெட்டும் முனையைக் கவ்விப் பிடிக்கும் சக்கும்தான். மெல்போர்ன் திரும்பிய பிறகும் யாராவது "ஊரில் என்ன விசேஷம்?" என்று கேட்டால் அந்தக் கதைதான் முதலில் வாயில் வருகிறது. மனைவி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

மாமா இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில், அரும்பாவூர்ப் பக்கம். அரும்பாவூர் மரச்சிற்பம் என்றால் தெரிந்திருக்கும்; 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் மாமரத்திலும் வேம்பிலும் சாமி சிலைகளை வடிக்கிறவர்கள் உளியும் கொட்டாப்புளியுமாகத் தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்திருப்பார்கள். மாமா அந்தத் தொழில்காரர் அல்லர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சிற்பிகளைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, உளி பிடிக்க மணிக்கட்டு இடம் தராததால் இயந்திரம் வாங்கிக்கொண்டார். அரை எச்பி மோட்டார், ஒரு பெல்ட், அது சுழற்றும் ஸ்பிண்டில் என்ற இரும்புத் தண்டு, ஸ்பிண்டிலின் முனையில் மூன்று தாடை உள்ள சக். சக்கில் முள்முள்ளான பர் ஒன்றை மாட்டிவிட்டு, மரக்கட்டையைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தினால் வேண்டாத மரம் தூளாகப் பறக்கும். உண்மையான சிற்பிகள் இதைப் பார்த்துச் சிரிப்பதாக மாமாவே சொல்வார்.

நான் போனபோது அவர் அந்த இயந்திரத்துக்குத் துணி போட்டு மூடியிருந்தார். "சக் ஆடுகிறது மாப்பிள்ளை, பர் மரத்தில் குதிக்கிறது" என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இல்லை. ஆகவே பேரிங் நன்றாக இருக்கிறது. ஸ்பிண்டிலுக்கும் சக்குக்கும் நடுவில்தான் தளர்ச்சி.

என் பேட்டையில் மென்ஸ் ஷெட் என்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற ஆட்கள் கூடி மரவேலையும் இரும்பு வேலையும் செய்கிற பொதுப் பட்டறை. ஆஸ்திரேலியா முழுவதும் இப்படி நிறைய இருக்கின்றன. அங்கே கண்ணாடி போடாமல் கோட்டைத் தாண்டினால் விரட்டிவிடுவார்கள். சக் தளர்ந்தால் என்ன செய்வது என்பதை ஒரு கிழவர் அங்கேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தாடைகளை முழுவதும் திறந்து டார்ச் அடித்துப் பார். அடியில் ஒரு திருகுத் தலை தெரியலாம். தெரிந்தால் அது இடது மரை, மற்ற திருகுகளுக்கு நேர்மாறு. வலப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும். முதலில் அதைக் கழற்று. பிறகு ஒரு தடித்த ஆலன் சாவியை, அதாவது வளைந்த அறுகோணக் கம்பியை, தாடையில் கவ்வவிட்டு, சக்கை ஸ்பிண்டிலின் மரையில் இறுக்கு. கடைசியில் திருகைத் திரும்பப் போடு. ஐந்து நிமிட வேலை.

மாமாவின் சக்கைத் திறந்து பார்த்தோம். திருகு இருந்தது. மரத்தூள் அடைந்து, தலை மட்டும் மினுங்கியது.

அதற்கு ஏற்ற நீளமான திருப்புளி வீட்டில் இல்லை. மெல்போர்னாக இருந்தால் வண்டி எடுத்துக்கொண்டு போய் ஒன்று வாங்கி வந்திருப்பேன். அங்கே பழுது பார்க்க ஆளைக் கூப்பிட்டால் வாசற்படி ஏறுவதற்கே ஒரு கட்டணம். அந்தப் பயத்தில் பாதிப் பேர் அரைகுறை மெக்கானிக்காகிவிடுகிறோம். ஊரில் அப்படி இல்லையே, தெருவுக்கு ஒரு பழுதுக் கடை இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இயந்திரத்தின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போனோம். சின்ன வயதில் மிக்ஸியையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு அப்பா பின்னால் போனது நினைவுக்கு வந்து, கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன்.

நெகிழ்ச்சி கடை வாசல் வரைதான். கடைக்காரர் சக்கை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். "சக் போயிற்று, மாற்ற வேண்டும்" என்றார். உள்ளே ஒரு திருகு இருக்கிறது, அது இடது மரை என்று சொன்னேன். எத்தனை வருடமாக இந்தத் தொழிலைச் செய்கிறார் என்பதைப் பதிலாகச் சொன்னார். மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வாத்தியாருக்கு ஊரில் எல்லாரும் பழைய மாணவர்கள். யாரிடமும் சண்டை வேண்டாம்.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்னும் கை நடுங்குகிறது. திருப்புளியை உள்ளே விட்டு, எல்லாத் திருகையும் போல இடப்பக்கம் திருகினார். அது இறுகியது. இறுக இறுக அவர் பலம் கூடியது. "டக்" என்று தலை முறிந்து மேசையில் விழுந்தது. "துரு" என்றார். அடுத்து ஆலன் சாவியைத் தாடையில் மாட்டிச் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒரு தட்டு போதும் என்ற இடத்தில் கல்லுடைக்கும் அடி. சக் கழன்றது. அலமாரியிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து ஸ்பிண்டிலில் மாட்டினார். அது வழுக்கிக்கொண்டு ஏறியது, பிடிமானமே இல்லை. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. குழாய் வேலைக்குச் சுற்றுவார்களே, அந்த வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்து மரையில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, சக்கை அதன் மேல் திருகினார். கையால் சுழற்றிக் காட்டினார். "பாருங்கள், பம்பரம்."

எண்ணூற்றைம்பது ரூபாய். பில் கேட்டபோது என்னை வேற்றுக்கிரகவாசி போலப் பார்த்தார். பழைய சக் எங்கே என்று கேட்டேன். பையன் ஏற்கெனவே பழைய இரும்புச் சாக்கில் போட்டுவிட்டான், சாக்கு வண்டியில் ஏறிவிட்டது. எங்கள் பொருள், எங்களைக் கேட்காமல். இது அந்த ஊரில் ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மெல்போர்னில் என் காரில் பிரேக் பட்டை மாற்றினால் பழையதைப் பெட்டியில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருப்பார்கள்.

வீட்டில் வெறுமனே ஓட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. வாகைக் கட்டையைப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தியதும் பர் முன்னிலும் மோசமாகக் குதித்தது. கூடவே, முன்பு இல்லாத ஒரு கரகரப்பும் ஸ்பிண்டிலில் கேட்டது. மாமா சுவிட்சை அணைத்துவிட்டுத் துணியைத் திரும்பப் போட்டார்.

அந்தத் துணிதான் என்னை உசுப்பிவிட்டது. மனைவி மக்கள் சமயபுரம் போனார்கள், சீரங்கம் போனார்கள். நான் லேத் பட்டறை தேடிப் போனேன்.

பெரம்பலூரிலேயே கிடைத்தது. துவாக்குடிப் பக்கம், பெல் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆலையில் டர்னராக இருந்துவிட்டு, சொந்த ஊரில் லேத் போட்டவர். சிடுமூஞ்சி. நான் கதையை ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். "கழற்றி வையுங்கள் சார், அதுவே சொல்லும்."

டேப்பைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளித்தார். ஒரு பழைய பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்பிண்டிலின் மரையை வெர்னியரால் அளந்தார்: 12 மில்லிமீட்டர். சக்கின் உள்மரையைக் காட்டினார்: நாலு நூல், அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. பிறகு மரைச் சுற்றுகளின் இடைவெளியைக் காட்டும் பிட்ச் கேஜை வைத்து இரண்டையும் பார்க்கச் சொன்னார். அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்கு இருபது சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர். ஸ்பிண்டில் மரையில் ஒரு சுற்றுக்கு 1.25. "வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஏறுகிறது. ஏறும், பிடிக்காது."

இன்னொன்றும் சொன்னார். சக்கை இழுத்து வைப்பதுதான் மரையின் வேலை. நேராக நிறுத்துவது மரைக்குப் பின்னால் தண்டு தடித்துப் படி போல நிற்கிற ஸ்டெப். சக்கின் முதுகு அந்த ஸ்டெப்பில் சுற்றிலும் சமமாக உட்கார வேண்டும். டேப் சுருண்டுபோய் அங்கே அடைத்துக்கொண்டதில் ஒரு பக்கம் தூக்கி நின்றிருக்கிறது. துளை போடும்போது விசை நேராகப் பின்னால் போகும், எப்படியோ சமாளித்துவிடும். பக்கவாட்டில் அழுத்திச் செதுக்கும்போது அந்தச் சாய்வு முழுவதும் வெளியே வந்துவிடும். கரகரப்புக்குக் காரணம் சுத்தியல். அடி அப்படியே பேரிங்குக்குள் போய், குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஊரில் ஒரு பழுதுக்குக் காரணத்தை ஒருவர் எனக்கு இப்படி உட்காரவைத்து விளக்கியது அன்றுதான். செய்துவிடுவார்கள், காசு வாங்கிக்கொள்வார்கள். ஏன் கெட்டது என்று கேட்டால் நாம் அவர்களைச் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். இந்த மனிதர் கேட்காமலேயே சொன்னார். கேள்வி கேட்டால் மட்டும் எரிந்து விழுந்தார்.

12 மில்லிமீட்டர் மரைக்குச் சக் அங்கே கிடைக்காது, ஆன்லைனில் போட்டால் நான் விமானம் ஏறிய பிறகு வரும். நடுவில் ஒரு துண்டு கடைந்து மாட்டினால் என்ன என்று கேட்டேன். "சக் பேரிங்கிலிருந்து இன்னும் தள்ளிப் போகும், ஆட்டம் கூடும்" என்று ஒரே வரியில் மறுத்தார். ஸ்பிண்டிலின் முனையில் முறிந்த திருகு வேறு உட்கார்ந்திருந்தது. ஆகவே முடிவு: இஎன் 8 என்ற எஃகுக் கம்பியில் புது ஸ்பிண்டில், முனையில் நாலு நூல் மரை, 6203 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டு. மரையையும் ஸ்டெப்பையும் பேரிங் உட்காரும் இடங்களையும், கம்பியின் இரு முனையையும் லேத்தின் கூர்முனையான சென்டரில் பிடித்தபடியே கடைந்தால்தான் எல்லாம் ஒரே அச்சில் நிற்கும் என்றார்.

"நாளைக்கு வாருங்கள்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் நாளை எதுவென்று எனக்குத் தெரியாதா? போனால் பட்டறை இருட்டாக இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. அவர் நாற்காலியில் சாய்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் போகும் என்பது முந்தைய நாளே அதே தினசரியில் வந்ததாம், சொல்லியிருக்கலாமே என்றால், "நீங்கள் பேப்பர் பார்ப்பதில்லையா சார்?" மெல்போர்னில் இப்படி நடந்திருந்தால் குறுஞ்செய்தி, மன்னிப்பு, புதிய நேரம் எல்லாம் வந்திருக்கும். ஆனால் அங்கே ஒருவரும் எனக்கு ஸ்பிண்டில் கடைந்து தரமாட்டார்கள். இயந்திரத்தை வீதியோரக் குப்பையில் வைத்துவிட்டுப் புதிது வாங்கு என்பார்கள். எதைத் திட்டுவது என்று புரியாமல் எதிர்க் கடையில் டீ குடித்தேன்.

மின்சாரம் வந்ததும் மனிதர் ஆளே மாறிவிட்டார். கம்பியின் இரு முனைகளிலும் சென்டர் போட்டு, கடைந்து, மரை வெட்டி, ஒவ்வொரு தடவையும் நாங்கள் கொண்டுபோன சக்கையே மாட்டிப் பார்த்தார். கடைசியில் சக் கையால் கனமாக ஏறி, ஸ்டெப்பில் "டப்" என்று உட்கார்ந்தது. பேரிங் போட்டுப் பூட்டியபின், நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜைக் கொண்டுவந்து என் கையில் ஸ்பிண்டிலைக் கொடுத்து மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஸ்பிண்டில் முனையில் முள் இரண்டு கோடுகூட நகரவில்லை. ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர். சக்கில் ஒரு நேரான கம்பியைக் கவ்வவிட்டுப் பார்த்தபோது பதினைந்து கோடு வரை போனது. என் முகம் சுருங்கியதைக் கவனித்துவிட்டார். "அது சக்கின் குணம். இந்த விலைச் சக் இவ்வளவுதான் நிற்கும். மரத்துக்குப் போதும்."

ஆயிரத்து நானூறு ரூபாய். கூகுள் பே இருக்கிறதா என்று கேட்டார், எனக்கு இல்லை, மாமா செலுத்தினார். வெளிநாட்டுக்காரனுக்குப் பணம் கொடுக்க வழியில்லை என்பதில் லேத்காரருக்கு அன்றைய ஒரே சந்தோஷம். பழைய ஸ்பிண்டிலையும் பழைய பேரிங்குகளையும் ஒரு செய்தித்தாளில் சுற்றி, கேட்காமலேயே கையில் வைத்தார்.

அன்று மாலை மாமா வாகைக் கட்டையில் ஒரு யானைத் தும்பிக்கையை வளைத்து முடித்தார். குதிப்பு இல்லை, கரகரப்பு இல்லை. இரண்டு நாள் கழித்துத் துறையூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தப் பழுதுக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். "எப்படி ஓடுகிறது சார்?" என்று மாமாவைக் கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றார் மாமா, சண்டை வேண்டாதவர். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நான் போட்ட சக் அது. ஓடாமல் இருக்குமா?"