மினியாபொலிஸ் வீட்டுக் கூரைக்கு அடித்த ஸ்ப்ரே நுரை

காற்றுப்போக்கி இல்லாத எங்கள் சரிவுக் கூரையில் முன்பு கண்ணாடியிழைப் பஞ்சு மட்டுமே இருந்ததால், வீட்டின் ஈரக்காற்று அதை ஊடுருவி, உறைகுளிரில் கிடந்த கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் பனியாகப் படிந்து, வெயில் ஏறியதும் உருகிச் சொட்டியது. ஓட்டைதான் என்று நாங்கள் தவறாக எண்ணியிருந்தோம். சர்வதேச குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு இக்குளிர்மண்டலத்துக்குக் குறைந்தது ஆர்-25 அளவுக்குக் காற்றுபுகா வெப்பக்காப்பைக் கேட்கிறது (ஆர் என்பது வெப்பம் கடந்துபோவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு). மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரை அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6 தருவதால், பலகையை ஒட்டி நான்கரை அங்குலம் அடித்து, அதன் கீழே பஞ்சை நிரப்பினார்கள். நுரையின் உட்பரப்பு வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் படிய இடமில்லை. இக்குளிர்காலத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. விலை அதிகம்தான். முகட்டருகே ஒரு மூலையில் நுரை மெலிந்திருந்ததை நானே அளந்து காட்டிய பிறகுதான் ஒப்பந்தக்காரர் திரும்பி வந்து சரிசெய்தார். ஆகவே பஞ்சு வைப்பதற்கு முன்பே தடிமனை அளந்து பாருங்கள்.