பழைய டிராக்டரும் டீசல் லைனில் புகுந்த காற்றும்

எங்கள் வீட்டு டிராக்டர் மூன்று சிலிண்டர், 35 எச்பி. செகண்ட் ஹேண்டில் வாங்கி 16 வருடம் ஆகிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தால் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட சேற்றுழவையும் அசராமல் முடித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால்தான் வம்பு. இழுவை குறையும், சத்தம் ஏறி இறங்கும், அப்புறம் அணைந்துவிடும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பைக் கையால் அடித்தால் நுரை நுரையாக டீசல் வரும். நுரை நின்றதும் இறுக்கி ஸ்டார்ட் செய்தால் ஓடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி அதே கதை.

பார்த்தவர்கள் எல்லோரும் பம்பைத்தான் குறை சொன்னார்கள். கழற்றி சர்வீஸ் செய்து மாட்டினோம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் செக் செய்தோம். மாற்றமே இல்லை. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து ஊரே உழவில் இறங்கியிருக்கும்போது நான் மட்டும் வயல் நடுவே ஸ்பேனரோடு நிற்பேன். இரண்டு குறுவை அப்படியே போனது.

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே டீசலை பம்பு உறிஞ்சுகிறது. அங்கே பொடி ஓட்டை இருந்தாலும் ஓடும்போது டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்கில் டீசல் குறையக் குறைய காற்று சுலபமாகப் புகும். அதனால் வெளியே ஈரத்தைத் தேடிப் பயனில்லை.

கடைசியில் பம்புக்கு முன்னால் ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி ஓட்டினேன். பாதி டேங்கில் கடுகளவு குமிழிகள் வரிசையாக ஓடின. டேங்க் பக்கம் டீசல் பைப்பை மாட்டும் போல்ட்டைக் கழற்றினால், காப்பர் வாஷரில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல். பலமுறை இறுக்கி இறுக்கி வாஷர் கல்லாகியிருந்தது. புதுசு 20 ரூபாய்கூட இல்லை. அவசரத்துக்குப் பழையதையே சிவக்கச் சுட்டு ஆறவைத்தால் இளகிவிடும், கீறல் மட்டும் இருக்கக் கூடாது. டேங்க் மூடியின் காற்றுத் துளை சேறு அடைத்தாலும் இன்ஜின் இப்படித்தான் நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் அதுதான்.

இன்னொன்று, கறுப்புப் புகை வந்தால் முதலில் ஏர் கிளீனருக்குள் இருக்கும் ஆயிலைப் பாருங்கள். அறுவடை சமயத்தில் தூசு சேர்ந்து களியாகிவிடும்.

இப்போது காற்றுத் தொல்லை இல்லை. ஆனால் லோடில் லேசாக நீலப் புகை வருகிறது, இன்ஜின் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் ரிங் வேலை. சம்பா அறுவடை முடிந்ததும் பிரிக்க வேண்டும்.