நானோவைரத்தோடு சில வருஷங்கள்: மங்காத ஒளி, பாடாய்ப் படுத்தும் மேற்பரப்பு

தஞ்சாவூர்ப் பக்கம் செல்களை வளர்த்து ஆராயும் ஒரு சிறிய செல் கல்ச்சர் ஆய்வகத்தில் இருக்கிறேன். உயிருள்ள புற்றுநோய் செல்களைக் குறிவைத்துப் படமெடுக்க, ஒளிரும் நானோவைரத்தை, அதாவது நானோமீட்டர் அளவிலான வைரத் துகள்களை, சில வருஷங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வழக்கமான ஒளிரும் சாயத்தை விடப் பளிச்சென்று இருக்குமா?" என்றுதான். இருக்கும். ஆனால் அதற்காக வாங்க வேண்டாம். அது மங்காது என்பதற்காக வாங்குங்கள்.

வைரத்துக்குள் ஒரு கார்பன் இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு உட்கார்ந்து, அதை ஒட்டிய இடம் காலியாக இருந்தால் அந்த ஜோடிதான் ஒளிர்கிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் 600 முதல் 800 நானோமீட்டர் வரை சிவப்பாக ஒளி தரும். நைட்ரஜன் கலந்த செயற்கை வைரப் பொடியை எலக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களால் தாக்கி, 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றித் தயாரிக்கிறார்கள். காலி இடங்கள் அந்தச் சூட்டில் நகர்ந்து போய் நைட்ரஜன் பக்கத்தில் நின்றுவிடும். ஒளிரும் இடம் படிகத்துக்குள் புதைந்து கிடப்பதால் செல்லுக்குள் உள்ள எந்த ரசாயனமும் அதைத் தொடுவதில்லை. தைவானின் அகாடமியா சினிக்காவில் ஹுவான்-செங் சாங் குழு 2005-இல் இந்த மங்காத ஒளியையும், செல்லுக்குப் பெரிதாகத் தீங்கில்லை என்பதையும் சேர்த்துக் காட்டியது.

நடைமுறையில் இதன் அருமை என்ன தெரியுமா? சாயம் போட்ட செல்லை லேசருக்குக் கீழே வைத்ததும் பதற்றம் தொடங்கிவிடும். ஃபோகஸ் சரிசெய்வதற்குள் பாதி மங்கிப்போகும். வைரத்தில் அந்த அவசரமே இல்லை. ஹீலா செல்லுக்குள் (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனிதப் புற்றுநோய் செல் வகை) ஒரு சிவப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்க்கலாம். புள்ளி கொஞ்ச தூரம் நேராக ஓடும், நிற்கும், அதே இடத்தில் தவிக்கும், திடீரென்று கருவை நோக்கி மறுபடி ஓடும். செல்லின் உள்ளே சரக்குப் பைகள் நுண்குழாய்களின் மேல் இழுத்துச் செல்லப்படுவதுதான் அது. முதன்முதலில் பார்க்கிற மாணவர்கள் அந்தத் திரையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் இன்னும் அலுக்கவில்லை.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் வந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த வட்டாரமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மைனஸ் 20 டிகிரியில் இருக்கவேண்டிய சாயங்கள் எல்லாம் அப்படிப்பட்ட நேரத்தில் கவலைதான். வெறும் நானோவைரம் தண்ணீரில் கலந்து மேசை மேலேயே இருக்கலாம். அடியில் படிந்திருந்தால் சோனிகேட் செய்தால், அதாவது மீயொலியால் குலுக்கினால், போதும். ஆனால் செல்லைக் குறிவைக்க ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டிய பிறகு அதற்கும் 4 டிகிரி வேண்டும். வைரம் தாங்கும், புரதம் தாங்காது.

இனி மேற்பரப்புக்கு வருகிறேன். பணம், நேரம், பொறுமை எல்லாம் இங்கேதான் கரைகிறது. குறிவைப்பது வைரத்தின் வேலையே கிடையாது. அதன் மேல் நாம் ஒட்டும் மூலக்கூறின் வேலை அது. அமிலத்தில் சுத்தம் செய்த வைரத்தின் மேல் கார்பாக்ஸில் தொகுதிகள் இருக்கும், எதிர்மின்னூட்டம் இருக்கும். அந்த மின்னூட்டம்தான் துகள்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது. உப்பு சேர்ந்தால் அந்தத் தடுப்பு போய்விடும். பஃபரிலோ (உப்புக் கரைசல்) மீடியத்திலோ (செல் வளரும் ஊட்டக் கரைசல்) நேராக ஊற்றினால் பால் திரிவது மாதிரி கட்டிதட்டிவிடும். கால்சியம் இன்னும் மோசம். கடைமடைப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் சுத்திகரிப்புக் கருவியின் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தேயும். தண்ணீரின் மின்கடத்துத்திறனைப் பார்க்காமல் வைரத்தைக் கலக்காதீர்கள். நாங்கள் முதலில் வைரத்தின் மேல் அல்புமின் என்ற புரதத்தைப் பூசிக்கொள்கிறோம், அப்புறம்தான் மீடியத்தில் விடுகிறோம். நீண்ட நாள் வேலைக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இன்னும் நல்லது.

அடுத்த சிக்கல், எதுவுமே ஒட்டாத வைரத்தையும் ஹீலா செல் ஆசையாக விழுங்கிக்கொள்ளும். அதனால் சிவப்புப் புள்ளி தெரிந்தது என்பதை வைத்து "குறி பிடித்தது" என்று சொல்லவே கூடாது. நாங்கள் ஃபோலிக் அமிலம் ஒட்டிய வைரத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். சாதாரண கல்ச்சர் மீடியத்திலேயே ஃபோலிக் அமிலம் தாராளமாக இருக்கும். அது செல்லின் மேல் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கிற வாங்கிகளை முன்னமே அடைத்துக்கொள்ளும். ஆகவே ஃபோலிக் அமிலம் இல்லாத மீடியத்துக்குச் செல்லைப் பழக்கிவிட்டுத்தான் சோதனை. கூடவே மூன்று ஒப்பீடுகள் இல்லாமல் எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை: பூச்சு மட்டும் உள்ள வைரம், வேண்டுமென்றே தனி ஃபோலிக் அமிலம் ஊற்றிய செல், 4 டிகிரியில் வைத்த செல். குளிரில் செல் விழுங்குவது நின்றுவிடும். அப்போதும் புள்ளி தெரிந்தால் அது வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போன வைரம் பெரும்பாலும் செல் விழுங்கியதை வைத்துக்கொள்ளும் எண்டோசோம், லைசோசோம் பைகளிலேயே தங்கிவிடும். கருவுக்குள் எதையாவது குறிவைக்க நினைப்பவர்கள் இதில் இறங்கவேண்டாம். அதே குணம் நீண்ட காலம் பின்தொடர உதவுகிறது: செல் பிரியும்போது துகள்களும் மகள் செல்களுக்குப் பங்கு பிரிந்து போகும், வெளியே கசிவது குறைவு.

அளவு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். 35 நானோமீட்டர் துகள் செல்லுக்குச் சுமை குறைவுதான், ஆனால் ஒளிரும் மையங்களின் எண்ணிக்கை துகளின் கன அளவைப் பொறுத்தது. 100 நானோமீட்டர் துகளோடு ஒப்பிட்டால் சுமார் 20-இல் ஒரு பங்கு ஒளிதான் கிடைக்கும். சாதாரண கன்ஃபோகல் நுண்ணோக்கி மட்டும் இருக்கிற ஆய்வகத்துக்கு 100தான் என் சிபாரிசு.

செல்லின் சொந்த ஒளிர்வு தொல்லை கொடுத்தால் இரண்டு வழி. வைரத்தின் ஒளிர்வு 10 நானோ விநாடிக்கு மேல் நீடிக்கும், செல்லினுடையது அதற்கு முன்பே அடங்கிவிடும். பல்ஸ் லேசர் உள்ள இடத்தில் தாமதித்துப் பதிவு செய்தால் பின்னணி மறைந்துவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் காந்தத்தை அருகில் கொண்டுபோய் ஒரு படம், விலக்கி ஒரு படம் எடுங்கள். வைரம் மட்டும் சற்று மங்கும், சாயமும் செல்லும் மாறாது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது வைரம்.

நுண்ணோக்கிக்கு ஃபில்டர் வாங்கும்போது 650 நானோமீட்டருக்கு மேல் எல்லா ஒளியையும் விடும் லாங்பாஸ் கேளுங்கள். வழக்கமான சிவப்புச் சாய ஃபில்டர் பாதி ஒளியை வெட்டிவிடும். துணைக்குப் போடும் சாயம் நீலத்திலோ பச்சையிலோ இருக்கட்டும்: கருவுக்கு ஹெக்ஸ்ட் என்ற நீலச் சாயம், லைசோசோமுக்குப் பச்சைச் சாயம். சிவப்பு மைட்டோகாண்ட்ரியா சாயம் போட்டால் எது வைரம், எது சாயம் என்று பிரிக்க மாட்டீர்கள்.