485,000 ரூபா குடுத்து எங்கட கணக்கையே பூட்டக் குடுத்திட்டம்

திருகோணமலையில பழைய பில்லிங் மென்பொருளை மாத்த யோசிக்கிற கடைக்காரர் ஒருக்கா நிண்டு வாசிச்சிட்டுப் போங்கோ. மத்திய வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடை. போன காசு 485,000 ரூபா.

இருந்த மென்பொருள் விசுவல் ஃபொக்ஸ்புரோவில (மைக்ரோசொஃப்டின்ர பழைய புரோகிராம் மொழி) எழுதினது. வடிவில்லாத சாம்பல் திரை, ஆனா மவுஸைத் தொடாமல் கீபோர்டிலயே பில் போடலாம். வந்த நிறுவனத்தின்ர பேர் போடேல்லை, "பழைய மென்பொருளுக்குப் புது முகம்" எண்டு விக்கிற வகை. அவை சொன்ன முதல் கதை உண்மைதான்: மைக்ரோசொஃப்ட் 2015 சனவரியோட அதுக்கான ஆதரவை நிப்பாட்டிட்டுது. ஆனா ஆதரவு நிண்டதுக்காகப் புரோகிராம் நிக்காது. 32-பிட் புரோகிராம், இண்டைக்கும் 64-பிட் விண்டோஸில ஓடும். அந்தப் பாதியை அவை சொல்லேல்லை.

நம்பின இடம் இதுதான். டிபிஎஃப் கோப்புகளை, அதாவது பழைய மென்பொருள் டேட்டாவை வைக்கிற கோப்புகளை, பென்ட்ரைவில எடுத்து, பத்து நிமிசத்தில தங்கட லப்டொப்பில கலர்த் திரையில வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டினவை. "ஐயா, முகத்தை மட்டும்தான் மாத்துறம். டேட்டா உங்கட கொம்பியூட்டரிலயே கிடக்கும்." டிபிஎஃப்பைத் திறக்கிறது வித்தையே இல்லை, லிப்ரே ஒஃபிஸ் மாதிரி இலவச மென்பொருளே அநேகமாத் திறக்கும். அந்தப் பத்து நிமிசத்துக்குத்தான் 485,000. பாதி அட்வான்ஸ், மிச்சம் ஓடத் தொடங்கின அண்டைக்கு.

முகம் மாத்த வந்தவை வீட்டையே எழுதி எடுத்திட்டினம். டேட்டா முழுக்க அவையின்ர சேர்வரில, நிர்வாகிக் கடவுச்சொல் அவையிட்ட. மாதம் 12,500 கட்டாட்டி லொகின் பூட்டு.

மாத்தினதாவது ஒழுங்கோ? பழசில அளவு மூண்டு தசமதானம். புதுசில அந்த நிரலை (கொலத்தை) முழு எண்ணாப் போட்டினம்: 2.750 கிலோ ஆணி 3 கிலோ ஆச்சு. தமிழ்ப் பேர்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சது. உள்ளுக்குக் கிடக்கிறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், எழுத்துருதான் அதைத் தமிழாக் காட்டும். லப்டொப்பில பாமினி இருந்தபடியால் அண்டைக்கு வடிவாத் தெரிஞ்சது. பிறகு யூனிகோட்டுக்கு (எந்தக் கொம்பியூட்டரிலயும் தமிழாவே தெரியிற முறை) மாத்தச் சொல்ல, நிரலை முழுசா மாத்தினவை. அதுக்குள்ள ஆங்கிலத்தில இருந்த "பிவிசி", "எல்போ" எல்லாம் தமிழ்க் குப்பை. வரி வரியாப் பிரிச்சு மாத்த வேண்டிய வேலை அது. எல்லாத்திலயும் மோசம், டிபிஎஃப்போட அதே பேரில இருக்கிற எஃப்பிடி கோப்பை எடுக்கவே இல்லை. மெமோ நிரல்கள், அதாவது நீளக் குறிப்பு எழுதிற இடங்கள், அதுக்குள்ளதான் இருக்கும். கடன்காரர் எப்ப தருவம் எண்டு சொன்ன குறிப்பு ஒண்டும் வரேல்லை.

கேட்டா முதல்ல "டிக்கெட் போடுங்கோ ஐயா". பிறகு "டெவலப்பர் லீவில". பிறகு "அடுத்த வேர்ஷனில வரும்". சரி, டேட்டாவைத் தாங்கோ, வேற ஆளைப் பாக்கிறம் எண்டா பிடிஎஃப் அனுப்பினவை. பிடிஎஃப்பை வேற மென்பொருளில ஏத்திப் பாக்கட்டும் பாப்பம்! சிஎஸ்வி (வேற மென்பொருளில ஏத்தக்கூடிய வெறும் அட்டவணைக் கோப்பு) கேட்டா "ஒப்பந்தத்தில இல்லை, டேட்டா விடுவிப்புக்கு 150,000". ஏற்கெனவே 485,000 குடுத்த கடையிட்ட.

என்ன செய்யவேணும் எண்டு விபரமா எழுதத்தான் தொடங்கினது, கை பதறுது. சுருக்கமா:

காசு குடுக்க முந்தி ஒப்பந்தத்தில எழுதுவியுங்கோ: நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிட்ட, எல்லா அட்டவணையும் சிஎஸ்வியாக் கேட்ட நேரம் இலவசமா, சோர்ஸ் கோட் (புரோகிராமை எழுதின மூலம்) ஒரு பிரதி. "முகம் மட்டும்" எண்டா டேட்டா எந்த மெசினில எண்டு கேளுங்கோ. ஒரு மாதம் பழசையும் புதுசையும் சேத்து ஓட்டி, இரவில ஸ்டொக், நிலுவை கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கோ, அதுவரைக்கும் கடைசித் தவணை குடுக்காதேங்கோ.

பழைய ஃபோல்டரை அழிக்க விடாதேங்கோ. இங்க அழிச்சுப்போட்டினம். லாச்சிக்குள்ள கிடந்த பென்ட்ரைவ் ஒண்டில நாலு மாதப் பழைய பேக்அப் இருக்கு, எஃப்பிடியோட. கடன் கணக்கை இப்ப அதில இருந்துதான் தேடுறம்.