ஸ்பிரே பெயின்ட்டா, பவுடர் கோட்டிங்கா?

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ பைக் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செயின் கவரின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்து, நகத்தால் கீறினாலே செதிலாகப் பெயர்கிறது. வீட்டிலேயே ஸ்பிரே அடிப்பதா, பவுடர் கோட்டிங்குக்குக் (நிறத்தூளை உலோகத்தில் ஒட்டவைத்து, சூட்டில் உருக்கிப் பூச்சாக்குவது) கொடுப்பதா?

செலவு
ஸ்பிரே: மூன்று நான்கு டப்பா, உப்புத்தாள். அவ்வளவுதான்.
பவுடர்: பட்டறைக் கூலி, நிச்சயம் கூடுதல்.

உழைப்பு
ஸ்பிரே: முழுக்க நம் கைவேலை. 120ஆம் நம்பர் உப்புத்தாளில் உலோகம் பளிச்சிடும்வரை துருவைத் தேய்த்து, 400இல் வழவழப்பாக்கி, தின்னரால் துடைத்து, ப்ரைமர் அடித்து, பிறகு மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் வழிந்துவிடும். பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் பெயின்ட் வெளிறிப்போகும்.
பவுடர்: கழற்றிக் கொடுத்தால் போதும். பேரிங், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சூளையில் 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றுவார்கள்.

ஆயுள்
ஸ்பிரே: பெட்ரோல் சிந்தினாலே இளகும். ஆனால் கீறலை அன்றைக்கே சரிசெய்யலாம்.
பவுடர்: கல் பட்டாலும் சட்டென்று பெயராது. ஓரிடத்தில் உடைந்தால் மட்டும் துரு அடியில் மறைவாகப் பரவும்; ஒட்டுப்போடுவது கடினம்.

சேசிஸ், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்டாண்டு ஆகியவற்றுக்குத் தயங்காமல் பவுடர்தான். சேசிஸ் எண் பொறித்த இடத்தை மறைக்கச் சொல்லுங்கள். செயின் கவர் போன்ற சிறு பாகங்களுக்கு ஸ்பிரே போதும். பட்டி பார்த்த (நெளிவைப் பசையால் நிரப்பிச் சமன்செய்த) டேங்கைப் பவுடருக்குக் கொடுக்கவே கூடாது, சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. சைலன்சருக்கு இரண்டும் வேண்டாம். சூடு தாங்கும் பெயின்ட் தனியாகக் கிடைக்கிறது.