ப்ரீ டயாபடிஸ் பயத்தில் ₹23,600 கட்டி ஏமாந்தேன், நீங்கள் கட்டிவிடாதீர்கள்

சர்க்கரையைக் குறைத்துக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு செயலிக்காரர்களிடமிருந்து நேற்று சாயங்காலம்தான் கடைசி பதில் வந்தது. "உங்கள் ரீஃபண்ட் கோரிக்கை தகுதி பெறவில்லை, மேடம்." அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

எனக்கு வயது 43, திருச்சி. பொங்கல் முடிந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரத்தத்தில் சராசரியாக எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, அதுதான் ப்ரீ டயாபடிஸ், 6.5 தொட்டால் சர்க்கரை நோய். எடை 71 கிலோ. மற்றவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். என்னால் முடியவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரையால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். தினமும் அந்தக் காலுக்கு எண்ணெய் தடவி, புண் இருக்கிறதா என்று பார்ப்பது நான்தான்.

அந்த வாரமே போனில் ஒரு விளம்பரம். மூன்று மாதத்தில் சர்க்கரையை "ரிவர்ஸ்" செய்து காட்டும் செயலி. பெயர் போடவில்லை, அந்த மாதிரி நிறைய இருக்கின்றன, எல்லோருக்கும் பொருந்தும். நம்பரை மட்டும் பதிந்தேன், பத்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். முதல் வார்த்தையே "அக்கா".

நான் ஏமாந்த இடம் இதுதான், இதைக் கவனியுங்கள். அவள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "வீட்டுல யாருக்காவது சுகர் இருக்காக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு என்றேன். "அம்மாவுக்குக் கால் எல்லாம் நல்லா இருக்கா?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விரல் எடுத்த கதையை, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்ததை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "உங்க பொண்ணு நாளைக்கு உங்க காலைப் பார்க்கிற நிலைமை வரக்கூடாதுக்கா" என்றாள். அப்போதே மனதுக்குள் பணம் கட்டிவிட்டேன்.

20,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் ₹23,600. மகள் கல்லூரிச் செலவுக்காக எடுத்த சீட்டுப் பணம். சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் இரண்டு, தனி டயட் கோச், வாரம் ஒரு முறை டாக்டர், ஒரு மூலிகைப் பொடி, ஹெச்பிஏ1சி குறையாவிட்டால் முழுப் பணமும் திரும்ப. "முழுப் பணமுமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஒரு ரூபாய் குறையாதுக்கா" என்றாள். பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள கணக்குக்கு. அதை அப்போது கவனிக்கவில்லை. ஜிஎஸ்டி பில் இன்று வரை வரவில்லை.

கட்டிய மறுநாளிலிருந்து நான் "மேடம்".

டயட் சார்ட் வந்தது. மேலே யாரோ ஓர் ஆணின் பெயர், எடை 92 கிலோ என்று இருந்தது! கேட்டதற்கு "டைப்பிங் மிஸ்டேக் மேடம்" என்று என் பெயரை மட்டும் மாற்றி அதையே திரும்ப அனுப்பினார்கள். காலையில் அவகேடோ, மதியம் குயினோவா, ராத்திரி ப்ரோக்கோலி சூப். உறையூர் மார்க்கெட்டில் அவகேடோவை எங்கே போய்த் தேடுவது? வரகு, கம்பு சாப்பிடலாமா, சாதம் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டேன். "சார்ட்டை ஃபாலோ பண்ணுங்க மேடம்." எதைக் கேட்டாலும் இந்த ஒரே வரிதான்.

சென்சார் ஒன்றுதான் வந்தது. மேல் கையில் ஒட்டிக்கொள்வது, பதினான்கு நாள் வேலை செய்ய வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது, சர்க்கரை 61க்கு இறங்கிவிட்டது என்று. வீடே எழுந்துவிட்டது. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "24 மணி நேர உதவி" எண்ணுக்கு ஒன்பது முறை அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அம்மாவின் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தோம், 98. சென்சார் ஒட்டிய கைமேல் அழுந்தப் படுத்தால் இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். இதைப் பின்னாளில் வேறு டாக்டர்தான் சொன்னார். ₹23,600 வாங்கியவர்கள் இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா? ஆறாம் நாள் அது நின்றேவிட்டது. "நீங்க சரியா ஹேண்டில் பண்ணலை மேடம்" என்றார்கள். இரண்டாவது சென்சார் "டிஸ்பாட்ச் ஆயிடுச்சு", "கூரியர்ல இருக்கு", "ஸ்டாக் இல்லை" என்று மூன்று மாதமும் வந்துகொண்டே இருந்தது.

பொடியைப் பத்து நாள் குடித்தேன். வயிற்றுப்போக்கு. சொன்னதற்கு "கழிவு வெளியேறுது, நல்லதுதான் மேடம்" என்று பதில். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இல்லை. நிறுத்திவிட்டேன். வாரம் ஒரு முறை வருவதாகச் சொன்ன டாக்டர் மூன்று மாதத்தில் ஒரு முறைகூடப் பேசவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. நான் சொந்தக் காசில் லேபில் பார்த்தேன், ஹெச்பிஏ1சி 6.2. செயலியில் "வாழ்த்துகள், உங்கள் அளவு 5.6" என்று பூங்கொத்துப் படம்! அந்த ஆறு நாள் சென்சார் அளவை வைத்துப் போட்ட கணக்கு. ஹெச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆறு நாளை வைத்து எப்படி? லேப் ரிப்போர்ட்டை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் வாரம் "டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியாச்சு". அடுத்த வாரம் "சீனியர் லீவு". அப்புறம் ஒரு புதுக் கதை: தினமும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் படம் எடுத்துப் பதிவேற்றியிருக்க வேண்டும், நான் பதினொரு வேளை விட்டுவிட்டேன், அதனால் ரீஃபண்ட் கிடையாது. அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று தேடினால் விதிமுறைப் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில். என்னிடம் பேசிய அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தேன். "அவங்க வேலையை விட்டுட்டாங்க மேடம்" என்றது வேறொரு குரல். ₹23,600, அதோடு முடிந்தது.

இதற்கு நடுவே, லேப் ரிப்போர்ட் வந்த கையோடு, எங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த டாக்டர் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு முதலில் ஹீமோகுளோபின் எடுக்கச் சொன்னார். 9.2, குறைவு. இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். 148 வந்தது. 140க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆக, பிரச்சினை உண்மைதான், ஆனால் கைமீறவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்: எடையில் ஏழு சதவீதம், அதாவது ஐந்து கிலோ குறையுங்கள். வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். தட்டில் பாதி காய் இருக்கட்டும், சாதம் கால் தட்டு, மீதியில் பருப்போ முட்டையோ மீனோ. வரகு என்றாலும் அதே கால் தட்டுதான், சிறுதானியம் என்று குவித்துக்கொள்ளக்கூடாது. டீயில் சர்க்கரை வேண்டாம். அமெரிக்காவில் 2002இல் வந்த பெரிய ஆய்வில் இப்படி இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாம். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டதாம், அதில் சாப்பாடு, நடை இரண்டாலேயே 28.5 சதவீதம் குறைவு. இதையெல்லாம் அவர் வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது எனக்குச் சொன்னார். செலவு, பஸ்ஸுக்கு மட்டும்தான். இரும்புச் சத்து மாத்திரையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

இப்போது ஐந்து வாரமாக நடக்கிறேன், இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. சந்தோஷப்படக்கூட முடியவில்லை, ₹23,600 நெஞ்சில் நிற்கிறது. மகளிடம் என்ன சொல்வது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். போனில் அழவைப்பவர்களிடம் அன்றைக்கே பணம் கட்டாதீர்கள், ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரீஃபண்ட் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். உரிம எண் இல்லாத பொடியை வாயில் வைக்காதீர்கள். சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் வருட மருந்து விளம்பரச் சட்டப்படி தப்பு. முதலில் பக்கத்து அரசு டாக்டரைப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை என்கிறார்கள். இதே மாதிரி கட்டியவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நான் அந்த முதல் நாள் பேச்சைப் பதிவு செய்து வைக்கவில்லை.