குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

தேவிகுளம், மூணாறு, வட்டவடை பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இந்தப் பனிக்காலத்தில் என் அம்மாவை இழக்க இருந்தேன்.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கி, தேயிலைச் செடியெல்லாம் உறைபனியில் கருகியது நினைவிருக்கும். அதனால் ஐப்பசி மழை விட்டதும் வழக்கமான வேலைகளை ஆரம்பித்துவிடுவோம். கம்பளியை வெயிலில் போடுவது, தகரக் கூரையில் ஆணி விட்ட இடத்தைத் தாரால் அடைப்பது, கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகைப் பிளந்து அடுக்குவது. இந்த வருடம் விறகு காயவே இல்லை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். முட்டி இரண்டும் போய்விட்டது, பச்சைத் தண்ணீர் பட்டால் அன்று முழுக்க வலி. சரி, ஒரு கீசர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் போடியில் ஒரு கடையில் கேஸ் கீசர் 4,800 ரூபாய் என்றார்கள். மாட்டித் தருவதும் அவர்கள் பொறுப்பு. நவம்பர் கடைசியில் ஒருவர் பூப்பாறை வழியாக வண்டியில் கொண்டுவந்தார். வெளிச்சுவரில் மாட்டச் சொன்னேன். "வேண்டாம் அண்ணே, இந்த ஊர்க் காத்துக்கு நெருப்பு அணைஞ்சு அணைஞ்சு போகும், உள்ளேயே வைப்போம்" என்றார். அதோடு நிற்கவில்லை. மேலே இருந்த வென்டிலேட்டரைக் காட்டி, குளிர் வருவதே அது வழியாகத்தான், ஃபோம் வைத்து அடைத்துவிடலாம் என்றார். அதற்குத் தனியாக 900 ரூபாய். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. குளிர் வராமல் இருந்தால் அம்மாவுக்கு நல்லதுதானே என்று பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்குக் கடை முத்திரையும் தொகையும் மட்டும் உள்ள ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது.

முதல் மூன்று நாளும் குளித்துவிட்டு வந்ததும் அம்மா தலைவலி என்றார். "பனி மண்டையில ஏறிடுச்சுப்பா" என்று தைலம் தேய்த்துக்கொண்டார். எனக்கும் லேசாகத் தலை கனத்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகியும் சத்தமில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தால் அம்மா தரையில் கிடக்கிறார், கீசர் எரிந்துகொண்டே இருக்கிறது. நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. என் மனைவியும் நானும் வாசலுக்குத் தூக்கிவந்து போட்டோம். காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் முனகினார். அந்த முனகலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி 97 காட்டியது. ஆக்சிஜன் சரியாக இருக்கிறதே என்று நான் நினைத்தேன். டாக்டர் அதை நம்பவில்லை. "வீட்டில் கேஸ் கீசரா?" என்றுதான் முதலில் கேட்டார். அடைத்த அறையில் கேஸ் எரியும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நமக்கு நாற்றம் வருவது அதில் சேர்த்திருக்கும் மருந்தால்தான், இதற்கு அப்படி எதுவும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். விரல் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிந்திருப்பது வேறு. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மறுநாள் மாலை அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

வீட்டுக்கு வந்து கீசரைக் கழற்றி, மூணாறில் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். மூடியைத் திறந்ததும் உள்ளே கரி அப்பியிருந்தது. "நாலு நாளில் இவ்வளவு கரி பிடிக்காது, இது யாரோ வீட்டில் ஓடின பழைய பெட்டி" என்றார். ஐஎஸ்ஐ முத்திரை எங்குமே இல்லை. புது அட்டைப்பெட்டியில் பழையதை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக் குளித்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வயதான பெண் கதவைத் திறந்துவைத்துக் குளிப்பதா? கோபமாகப் பேசியதும், "நீங்க கேரளா, கடை தமிழ்நாடு, எங்கே போய் வழக்குப் போடுவீங்க?" என்றார்கள். எல்லையில் இருக்கும் நம்மிடம் இதைச் சொல்லித்தான் பலரும் தப்பிக்கிறார்கள். அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து கேட்டேன், அப்புறம் இடுக்கி ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டும், போனில் பணம் அனுப்பிய விவரமும், மருத்துவமனைச் சீட்டும்தான் கையில் இருக்கும் ஆதாரம். முறையான பில் வாங்காமல் விட்டது என் தப்பு, நீங்கள் விடாதீர்கள்.

கேஸ் கீசர் வேண்டுமென்றால் வெளிச்சுவரில், காற்றும் மழையும் நேராக அடிக்காதபடி மறைப்பு வைத்து மாட்டச் சொல்லுங்கள். குளித்து வந்தபின் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் பனி என்று விடாமல் உடனே கீசரை நிறுத்துங்கள். ராத்திரி அறையை மூடிக்கொண்டு கரிச்சட்டி வைப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

ஃபோமைப் பிய்த்து எறிந்துவிட்டேன். அம்மாவுக்கு இப்போது பின்பக்கக் கொட்டகையில் விறகடுப்பில்தான் தண்ணீர் காய்கிறது. அதே ஆள் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் இப்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வீட்டில் நான் சொன்ன அன்றே கழற்றிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் "பொங்கல் கழியட்டும்" என்கிறார்கள், அங்கே கைக்குழந்தை இருக்கிறது. இன்று மாலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.